இடப்பக்கம்

ஒரு தடவைகூடக் கீழே விழாத வண்டி என்று சொல்லித்தான் சேவியர் தன் பைக்கை ரூபனுக்கு விற்றிருந்தான். பதினெட்டு வருடச் சிநேகிதன் சொன்னதால் ரூபன் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. இன்று பெட்ரோல் டேங்க் மேல் வைக்கச் சின்னதாக ஒரு பை வாங்க இருவரும் கடைக்கு வந்திருந்தார்கள்.

"காந்தம் வச்சது வேண்டாம் மக்கா. பெயிண்ட உரிச்சிரும். வார் போட்டுக் கட்டுறத எடுல," என்று சேவியர் வழியெல்லாம் சொன்னான்.

கடைக்காரர் காந்தப் பையைத்தான் கொண்டுவந்தார். வாசலில் நின்ற வண்டியின் டேங்க் மேல் வைத்தார். வலப்பக்கம் டப்பென்று ஒட்டியது. இடப்பக்கம் வழுக்கித் தொங்கியது. அதைவிடச் சின்னதாக இன்னொன்றை வைத்தார். அதுவும் அங்கே ஒட்டவில்லை. விரலை மடக்கி அந்த இடத்தைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள தகரம் நல்லா நசுங்கியிருக்கு தம்பி. மேல கனமா பட்டி பூசி பெயிண்ட் அடிச்சிருக்கான், அதான் காந்தம் பிடிக்கல. எவனோ உங்க தலையில கட்டிட்டான்."

சேவியர் கடைக்குள் தொங்கிய ஹெல்மெட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரிஞ்ச ஆள்தான்," என்றான் ரூபன். பிறகு திரும்பி, "லேய், இங்க வந்து இதக் கொஞ்சம் பிடி," என்றான்.

சேவியர் வந்து பையின் இடப்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தான். பை நன்றாக ஒட்டியிருப்பது போலவே இருந்தது.

அவன் கையை எடுக்கட்டும் என்று ரூபன் காத்து நின்றான்.