முதல் விருப்பம்

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிரேயுள்ள பிரவுசிங் சென்டரில் பதினோரு மணி வெயில் திரைமேல் விழுந்து கண் கூசுகிறது. கல்லூரி விண்ணப்பத்தில் சுகாசினி முதல் விருப்பமாகக் கொடுத்த, வெளியூர்க் கல்லூரியின் வேதி இயற்பியல் படிப்பைக் கடைக்காரர் அழித்துக்கொண்டிருக்கிறார். எந்த வருடம் எந்தப் பாடம் என்று அவள் எழுதிவைத்த தாள் மடியில் கசங்குகிறது. "அவ்ளோ தூரம் ஹாஸ்டல்ல உட முடியாதும்மா. இங்கியே பி.காம் இருக்குது, வூட்ல இருந்துக்கினே படி" என்கிறார் அப்பா வீரபத்திரன். குரலில் கோபமே இல்லை. அவள் தாளை நான்காக மடிக்கிறாள். மாற்றத்தை உறுதிசெய்ய அப்பாவின் செல்போனுக்கு ஓடிபி வருகிறது. கண்ணாடி கொண்டுவராத அவர் போனை அவளிடமே நீட்டுகிறார். "படிச்சு சொல்லும்மா." தப்பாகச் சொன்னால் என்ன என்று ஒரு கணம் தோன்றுகிறது. கடைக்காரரின் விரல் காத்திருக்கிறது. "நாலு, ஒம்போது..." என்று தொடங்கி, ஆறு எண்களையும் அவள் சரியாகவே சொல்லி முடிக்கிறாள்.