மூன்றாவது கொலை

திரையில் அவள் இரண்டாவது ஆளைக் குத்தினாள். ரத்தம் ரோஸ் நிறத்தில் வந்தது.

யாரோ சிரித்தார்கள்.

கடைசி வரிசையில் முகக்கவசம் போட்டு உட்கார்ந்து, அவள் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதாநாயகியாக முதல் படம். இருபத்தொரு நாளில் எடுத்தது. சிவகாசியில் முதல் நாள், காலைக் காட்சி.

பதினான்கு பேர் வந்திருந்தார்கள். இடைவேளைக்குப் பிறகு ஒன்பது.

அவளுக்கே கொட்டாவி வந்தது.

அவளுக்கு முன் வரிசையில் ஒரு கணவனும் மனைவியும். திரையில் அவள் மூன்றாவது ஆளை அறைந்தாள். அவன் மேசையோடு சரிந்தான்.

"பொம்பள அறைஞ்சு ஆம்பள விழுறானாம்." கணவன் எழுந்தான். "வா, போலாம்."

"முடியட்டும்ங்க."

அவன் மனைவியைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"வண்டி எடுக்குறேன். வந்து சேரு. வீட்ல பேசிக்கிறேன்."

அவன் போனான்.

அந்தப் பெண் மூன்றாவது கொலையை முழுதாகப் பார்த்தாள். பிறகுதான் எழுந்து திரும்பினாள்.

நடித்தவளின் முகக்கவசம் தாடைக்கு இறங்கியிருந்தது. அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்தாள்.

"நீங்களா?"

அவள் தலையசைத்தாள்.

திரை வெளிச்சத்தில் அந்தப் பெண்ணின் இடது கன்னம் வீங்கித் தெரிந்தது. மேலே பவுடர் அப்பியிருந்தது.

"நெசமா அடிச்சா கை வலிக்குமாக்கா?"

படப்பிடிப்பில் அவள் கை யார் மீதும் பட்டதில்லை. சத்தம் பிறகு சேர்த்தது.

"தெரியலம்மா. நான் யாரையும் அடிச்சதில்ல."



அவள் டிக்கெட்டின் பின்பக்கம் தன் போன் நம்பரை எழுதி நீட்டினாள்.

அந்தப் பெண் வாங்கவில்லை.

"பையெல்லாம் பாப்பாரு. வாயால சொல்லுங்க."

சொன்னாள். அந்தப் பெண் திருப்பிச் சொன்னாள். ஒரு எண் தப்பு. மறுபடி சொன்னாள்.

இப்போது சரியாக இருந்தது.

வெளியே ஹாரன் அடித்தது. திரையில் நான்காவது ஆள் கெஞ்சத் தொடங்கியிருந்தான். யாரும் கவனிக்கவில்லை.

அந்தப் பெண் விரைந்து வெளியேறினாள். அவளும் பின்னாலேயே வாசல்வரை வந்தாள்.

பகல் வெயில். பைக் கிளம்பிக்கொண்டிருந்தது. கணவன் தலையைத் திருப்பி என்னவோ கேட்டான்.

பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தவள் பதில் சொல்லவில்லை.

அவள் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.