மூன்றாவது பொத்தான்

“சுவத்துல படத்தப் பாரு, கோட்டு போட்டுருக்காரு! உன் பூட்டன் எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு எழுதுன கிராணிடா. ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுன குடும்பத்துல எனக்கு மருமக வேணாம்.”

மகன் புவனேஸ்வரனிடம் நீலாவதி இப்படிச் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. அவன் விரும்பும் லோஷினியின் முகத்தைக்கூடப் பார்க்க மறுத்துவிட்டாள்.

சனிக்கிழமை அவன் ஓர் ஆராய்ச்சியாளரை மம்பாவிலிருக்கும் வீட்டுக்குக் கூட்டிவந்தான். பழைய போட்டோக்களை எடுத்தது யார் என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. பூட்டனின் படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தாள்.

“ரெண்டாம் உலகச் சண்டைக்கு முன்ன சிரம்பான்ல ஸ்டூடியோ வச்சிருந்த ஜப்பான்காரர் எடுத்தது ஆண்ட்டி.”

“ஜப்பான்காரரா!” நீலாவதிக்குப் பெருமை தாங்கவில்லை. “கையெழுத்தே இல்லையேம்மா, எப்படித் தெரியும்?”

“கோட்ட வச்சுத்தான். மூணாவது பொத்தான் இல்ல பாருங்க. அது ஸ்டூடியோ கோட்டு. வர்றவங்களுக்கெல்லாம் அதத்தான் மாட்டிவிட்டு எடுப்பாரு.”

கைப்பேசியில் படங்களைக் காட்டினாள். பதினொரு பேர், ஒரே கோட்டு. ஒரு படத்தின் பின்னால் மட்டும் ஸ்டூடியோ முத்திரை இருந்தது.

நீலாவதியின் குரல் இறங்கியது. “அப்ப இவரு கிராணி இல்லையா?”

“அது கோட்டுக்குத் தெரியாது லா, அம்மா,” என்றான் மகன்.

பேச்சை மாற்ற, நீலாவதி கைப்பேசியில் ஒரு படத்தைத் தொட்டாள். “இது யாரு?”

“எங்க பூட்டன் ஆண்ட்டி. பால்மரம் வெட்டுனவரு. நான்தான் லோஷினி.”

புவனேஸ்வரன் மின்விசிறியைப் பார்த்தான். நீலாவதி சுவரையும் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“உக்காரும்மா, தேத்தண்ணி கலக்கிட்டு வர்றேன்.”

அடுப்படி வாசலில் நின்று திரும்பினாள்.

“கோட்டு உங்க பூட்டனுக்குத்தான் அளவா இருக்கு.”