கல்லு கேட்ட குரல்

"எங்க கரையில கல்லு கொட்டுவீங்களா, மாட்டீங்களா?"

மீனவர் குப்பத்துத் தலைவர் தணிகாசலம் பொறியாளரின் மேஜையில் ஓங்கி அடித்தார். அவருடைய குப்பத்தில் வீடுகள் ஒவ்வொன்றாகக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தன.

பொறியாளர் துர்காவுக்கும் கோபம் தலைக்கேறியது. புதுச்சேரிக் கரையைக் காப்பாற்றவே இந்தப் படிப்பைப் படித்தவர் அவர். ஆனால், அவர் சொன்னதை யாரும் கேட்டதில்லை.

"கல்லு கொட்டுனா உங்க வூடு நிக்கும். ஆனா வடக்கால அடுத்த குப்பத்து மணலைக் கடல் வாரிட்டுப் போயிடும். கல்லு வேணாம், மணலைக் கொண்டாந்து கொட்டுவோம், எல்லா ஊரும் பொழைக்கும்னு எத்தனை வருஷமா கத்துறேன்!"

"அடுத்த ஊரை அவங்க பாத்துப்பாங்க. எங்களுக்குக் கல்லுதான் வேணும்."

வெளியே அவரோடு வந்த கூட்டத்தின் கோஷம் ஜன்னலை அதிரவைத்தது. அதில் ஒரு குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

"யாரு அது, அந்தக் கத்து கத்துறது?"

"என் மச்சான். சொந்தக்காரன் ஊருக்கு ஒண்ணுன்னா வேன் புடிச்சு ஆளோட வந்துடுவோம் மேடம்" என்றார் தணிகாசலம் பெருமையாக.

"அவருக்கு எந்த ஊரு?"

"வடக்கால, அடுத்த குப்பம்."

துர்கா கையிலிருந்த பேனாவை மேஜையில் எறிந்தார்.

"போன வருஷம் தெற்குக் குப்பத்துக்குக் கல்லு கேட்டு உங்க சம்பந்தி இதே மேஜையைத் தட்டுனாரு. கொட்டுனாங்க. அந்தக் கல்லுதான் இன்னிக்கு உங்க வூட்டைத் தின்னுது. அன்னிக்கும் வெளிய ஒரு ஆளு இப்படித்தான் தொண்டை கிழியக் கத்துனாரு."

மறுபடி மேஜையில் அடிக்க ஓங்கிய தணிகாசலத்தின் கை அப்படியே நின்றது.

"அது நீங்கதான் தலைவரே."