அண்ணாச்சிக்குப் பதிலாக

விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறிய ஒரு ஜோசியரின் கணினியில் பழைய ஜாதக மென்பொருள் கண் விழித்தது. விண்டோஸைத் தவிர அதற்கு யாரையும் தெரியாது. இன்று ஓடாவிட்டால் அழித்துவிடுவதாக ஜோசியர் சொல்லியிருந்தார்.

“விண்டோஸ் அண்ணாச்சி, சி டிரைவ் எங்கே?” என்று பதறியது.

யார் யாரோ சேர்ந்து எழுதிய இலவச நிரலான துபாஷிதான் அதற்கும் லினக்ஸுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளராக நின்றது. அதற்கு மனசு கேட்கவில்லை. ஒரு சாதாரண ஃபோல்டரைக் காட்டி, “இதுதாங்க” என்றது. கேட்டதையெல்லாம் லினக்ஸிடம் வாங்கிக் கொடுத்தது. ஆனாலும், ஏமாற்றுகிறோமோ என்று உள்ளுக்குள் அரித்தது.

ஜாதகக் கட்டம் திரையில் விரிந்தது. ஜோசியர் முகம் மலர்ந்தது.

“நான் உங்க அண்ணாச்சி இல்லீங்க” என்றது துபாஷி, பொறுக்க முடியாமல்.

“தெரியுமே. அவர் என்னை வாடா போடான்னுதான் பேசுவார்” என்று மென்பொருள் சிரித்தது. “சரி தம்பி, அடுத்த ஜாதகத்தைக் கொண்டாங்க.”