எல்லாம் விதிப்படி

"என் பக்கம் இனி ஆள் மிச்சமில்ல. அடுத்தது உன் தம்பிதான்."

திரைக்கு அந்தப் பக்கம், கடையில் நின்றுகொண்டு அத்தான் சொன்னது கப்பல்காரன் காதில் தெளிவாக விழுந்தது. குடித்துக்கொண்டிருந்த தேநீரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான்.

"ஐயோ, அவன் வேண்டாங்க. என் கூடப் பிறந்தவன்" என்றாள் அக்கா.

"ஒன்பது வருஷமா கடல்லயே கிடக்கிறவன். அவனை இந்த ஊர்ல யாருக்குத் தெரியும்? ஏன்னு கேக்க ஒரு நாதி உண்டா? ஆளுங்க கிளம்பியாச்சு. பத்து மணிக்குள்ள முடிச்சிடுவாங்க. அதுவரைக்கும் அவன் வெளிய தலைகாட்டாம பாத்துக்கோ, அது போதும்."

கப்பல்காரனுக்கு அத்தான் மேல் என்றைக்குமே மரியாதை இருந்ததில்லை. கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறி நின்று பெண்டாட்டியைக் கூப்பிடுகிற மாவீரர். முப்பது வருஷமாக மெத்தை விற்று விற்றுத் தானும் ஒரு மெத்தையாகவே ஆகிப்போனவர். இந்த மனுஷனா கூலிக்கு ஆள் வைத்திருக்கிறார்?

முந்தாநாள் லீவில் வந்து இறங்கியபோது, பெட்டியைக்கூட இறக்க விடாமல், "மாப்ளே, கொஞ்சம் சிரி" என்று வாசலிலேயே நிறுத்திப் படம் எடுத்தாரே, அது இதற்குத்தானா? பாசம் என்று நினைத்து முப்பத்திரண்டு பல்லையும் காட்டியதை எண்ணி அவனுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

அன்றைக்கே அக்கா ஒரு பாட்டம் அழுதிருந்தாள். "மூணு மாசம் முன்னாடி நகராட்சிக்காரங்க வந்து கடை போர்டைக் கழட்டிப் போட்டுட்டாங்கடா. உயரம் ஜாஸ்தியாம், தெருமுனையில வைக்கக் கூடாதாம், லைட்டு கண்ணைக் கூசுதாம். ஒரு மாசம் ஈ காக்கா வரல. அதுலேருந்து உங்க அத்தான் ஆளே மாறிட்டார்."

ஆனால் போர்டே இல்லாத கடையில் நேற்று முழுக்கக் கூட்டம் அலைமோதியதைக் கப்பல்காரன் கண்ணால் பார்த்தான். புது இரும்பு பீரோ ஒன்றும் வந்திருந்தது. அது எப்படி என்று கேட்டதற்கு அக்கா பேச்சை மாற்றிவிட்டாள்.

கடைக்குள் பூட்ஸ் சத்தம் கேட்டது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரை இடுக்கில் கண்ணை வைத்தான்.

தொப்பை பெருத்த அதிகாரி ஒருவர் மேசையில் அளவு நாடாவை வைத்துவிட்டுப் போட்டோக்களை வரிசையாகப் பரப்பினார்.

"மூணு மாசத்துல மூணு சாவு. எமன் உங்க வீட்டுல வாடகைக்குக் குடியிருக்கானா?"

"நேரம் சரியில்ல சார்" என்றார் அத்தான், துண்டால் கண்ணைத் துடைத்தபடி. கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"இது உங்க பெரியப்பா. பாலத்துக்குப் பக்கத்துல. இருபதடி உயரத்துலேருந்து விழுந்திருக்கார்."

"அன்னிக்குப் பேய்க்காத்து, சார்."

"இது அத்தை. ஆஸ்பத்திரிக்கு எதிர்ல கம்பத்தோட சேத்து இரும்புக் கம்பி போட்டு இறுக்கியிருக்கீங்க."

"இல்லன்னா அவங்களும் விழுந்திருப்பாங்களே, சார்."

"உங்க அண்ணன் பள்ளிக்கூட வாசல்ல தொங்குனார். பிள்ளைங்க பயந்து அழுதுச்சு."

அக்கா கல்யாணத்தில்கூடத் தலைகாட்டாத உறவுகள். பெயரைக்கூடக் கப்பல்காரன் கேள்விப்பட்டதில்லை. பாவம், எங்கிருந்தோ தேடிப் பிடித்து வந்து முடித்திருக்கிறார்! என்ன நெஞ்சழுத்தம்!

"எல்லாம் விதி, சார்" என்றார் அத்தான். "விதிப்படிதான் நடந்திருக்கு. நீங்களே சொல்லுங்க, இல்லையா?"

அதிகாரி பெருமூச்சு விட்டார். "விதியை நான் என்ன பண்ண முடியும்? ஆனா இனிமே யாராவது போனா, ஆள் யாருன்னு அத்தாட்சி காட்டணும். புது உத்தரவு."

"தாராளமா சார். அடுத்த ஆளுக்கு பாஸ்போர்ட்டே இருக்கு."

கப்பல்காரன் பெட்டியைத் துழாவினான். பாஸ்போர்ட்டைக் காணோம்.

அதிகாரி நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, கொடுத்த தேநீரையும் குடித்துவிட்டு, ஏப்பம் விட்டபடி நடையைக் கட்டினார். மூன்று பிணத்தைக் கண்முன்னே வைத்துக்கொண்டு விதி பேசுகிறான், இவனெல்லாம் ஒரு அதிகாரி! அந்த ஆளிடம் ஓடிப்போய் முறையிட நினைத்த தன் புத்தியை மனசுக்குள் செருப்பால் அடித்துக்கொண்டு, கப்பல்காரன் பின்வாசலுக்குப் பாய்ந்தான்.

அக்கா குறுக்கே வந்து கையை விரித்தாள். "வெளிய போகாதடா! யாராவது உன்னைப் பாத்துட்டா எல்லாம் கெட்டுப்போயிடும்!"

"நீயும் இதுக்கு உடந்தையா?" என்று அவளைத் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு போலீஸ் ஸ்டேஷனை நோக்கி ஓடினான்.

நாற்சந்திக்கு வந்ததும் பழக்கடைக்காரி அவனைப் பார்த்தாள். கையிலிருந்த தராசு நழுவி விழுந்தது. எதிரே வந்த பெரியவர் "ஆ!" என்று அலறி சைக்கிளோடு சாக்கடையில் சாய்ந்தார். ஏணியை மடக்கிக்கொண்டிருந்த இரண்டு வேலையாட்கள் அவன் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு மேலே பார்த்தார்கள். மறுபடியும் அவனைப் பார்த்தார்கள்.

கப்பல்காரனும் அண்ணாந்து பார்த்தான்.

முப்பதடி உயரத்தில், பட்டப்பகலில் எட்டு விளக்குகள் கண்ணைக் கூச, முப்பத்திரண்டு பல்லும் தெரிய அவனே சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஆளுயர எழுத்தில், 'எங்கள் அருமை மச்சான் நிம்மதியாகத் தூங்குகிறார். நீங்களும் தூங்க: முழுநிலா மெத்தைக் கடை' என்று இருந்தது. அதற்கும் கீழே, பொடி எழுத்தில் ஒரு வரி:

'இது இரங்கல் பலகை. விளம்பரப் பலகைகளின் இடம், உயரம், வெளிச்சம் பற்றிய கட்டுப்பாடுகள், நகராட்சி விதி 14-ன்படி, இறந்தவர்களுக்குப் பொருந்தா.'