இழுக்காத ஊசி

முதல் ஊசியிலேயே ரத்தம் வந்துவிட்டது.

தேசப்பன் பாவாவுக்கு முகம் வெளுத்துப் போனது. பாவா என் அத்தை மகன், என் வீட்டுக்காரர். ஆடிக் கிருத்திகைக்குப் பொதட்டூர்பேட்டையிலிருந்து நடந்தே வந்து, கன்னத்தில் அலகு குத்திக்கொண்டு திருத்தணி மலை ஏறுகிற ஆள். ஒரு வருஷமும் சொட்டு ரத்தம் வந்ததில்லை. விரதம் சுத்தமாக இருந்தால் ரத்தம் வராது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதை வைத்து அவர் அடிக்கும் ஜம்பத்தை ஊரே கேட்டுச் சலித்துவிட்டது.

இன்று அவர் படுத்திருந்தது திருத்தணி கடைத்தெருவில் ஒரு லேபில். கழுத்தில் தைராய்டு கட்டி. புற்றுநோயா, இல்லையா என்று பார்க்க அதிலிருந்து கொஞ்சம் எடுக்க வேண்டும்.

டாக்டர் ஷோபனா இரண்டு விதமாக எடுப்பதாகச் சொன்னார். முதலில் சிரிஞ்சு வைத்து இழுத்து எடுப்பது. அடுத்து, இழுக்காமல் வெறும் ஊசியை மட்டும் குத்தி எடுப்பது. எதில் நன்றாக வருகிறதென்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாமாம்.

இவ்வளவுதானா ஊசி என்று சிரித்துக்கொண்டேதான் பாவா படுத்தார். சிரிஞ்சுக்குள் சிவப்பு ஏறியதும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“வசந்தி, போன ஆடியில விரதத்தோட பஸ் ஸ்டாண்டுல ஆம்லெட் துன்னுட்டேன். அதான் முருகன் இப்ப காட்டிட்டான்.”

நான் கேட்காமலேயே அதற்கு முந்தின வருஷத்துக் கறிதோசையும் வெளியே வந்தது. கட்டியிலிருந்து டாக்டர் எடுத்ததைவிட அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்தது அதிகம்.

சொல்லி முடித்ததும் அவர் முகம் தெளிந்தது. காரணம் கிடைத்துவிட்டது. முருகனிடம் மன்னிப்புக் கேட்டால் தீர்ந்தது.

இப்போது பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. அது ஆம்லெட்டால் வந்த ரத்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். அப்படியானால் எதனால்? டாக்டரிடமே கேட்டேன்.

தைராய்டில் ரத்த ஓட்டம் அதிகம், இழுத்தால் ரத்தமும் கூடவே வரும், அதை வைத்து நோய் என்று நினைக்காதீர்கள் என்றார். பிறகு வெறும் ஊசியைக் குத்தி, மெல்ல முன்னும் பின்னும் அசைத்து எடுத்தார். கண்ணாடித் துண்டில் தடவியபோது ரத்தம் பேருக்குத்தான் இருந்தது.

இரண்டுக்கும் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு அவர் வரும்வரை நான் உட்காரவில்லை. இரண்டிலும் பயப்படும்படி எதுவும் இல்லையாம். சாதாரணக் கட்டிதானாம். ரிப்போர்ட்டை நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

நான் அழுதுவிட்டேன்.

பாவா சட்டையை மாட்டிக்கொண்டே மலை இருக்கும் பக்கம் பார்த்துச் சத்தியம் செய்தார். வருகிற ஆடியிலிருந்து முட்டை வாசனைகூடக் கிடையாதாம். விரதமென்றால் விரதமாம்.

“நெஜமாத்தான் சொல்றீங்களா பாவா?”

ஆங் என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. விரத நாளில் அவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒதுங்குவது கல்யாணமான வருஷமே எனக்குத் தெரியும். அவர் கன்னத்தில் ரத்தம் வரக்கூடாதே என்று அன்றிலிருந்து அவருடைய விரதத்தையும் சேர்த்து நான்தான் இருந்து வருகிறேன்.

வருகிற ஆடியில் நான் ராத்திரிக்கும் சோறு சாப்பிடலாம்.